நீலம் ஜெயிக்காது

யூடியூப் வீடியோக்களுக்கு முகப்புப் படம், அதாவது தம்ப்நெயில், போடுகிறவர்களுக்கென்று சில வேதவாக்குகள் உண்டு. வாய் பிளந்த முகம் ஜெயிக்கும், மூடிய வாய் தோற்கும். சிவப்பு அம்புக்குறி எதைக் காட்டினாலும் ஜெயிக்கும், ஒன்றுமே இல்லாத இடத்தைக் காட்டினாலும். எழுத்து மூன்று வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. போனால் அது தம்ப்நெயில் இல்லை, கல்யாணப் பத்திரிகை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: நீலம் ஜெயிக்காது. மஞ்சளைப் போடு, சிவப்பைப் போடு, கண்ணைக் குத்துகிற பச்சையைக்கூடப் போடு. நீலத்தைப் போட்டால் வீடியோ படுத்துவிடும்.

ஏழு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். சாதாரண மிளகு ரசத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் பேயைக் கண்டவள்போல் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு நின்றால், அவளை அங்கே நிற்க வைத்தது நானாக இருக்கலாம். எனக்கு இதில் வெட்கமெல்லாம் கிடையாது. ஐஸ் வண்டிக்காரர் மணி அடிக்கிறார், நானும் அடிக்கிறேன். ஐஸ் நன்றாக இல்லாவிட்டால் மணியைக் குறை சொல்லக் கூடாது.

ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். முன்பெல்லாம் ஒரு வீடியோவுக்கு மூன்று படம் செய்வோம். மூன்றையும் கொஞ்சம் பேருக்குக் காட்டி, எதை அதிகம் பேர் தொடுகிறார்களோ அதை வைத்துக்கொள்வோம். பிறகு ஆபிதா வேலைக்கு வந்தாள். பள்ளப்பட்டிக்காரி, என் வயது, கணக்கில் புலி. அவள் செய்த சோதனை இயந்திரத்துக்கு அவளே வைத்த பெயர் தராசு. தராசு ஒரு வீடியோவுக்கு மூன்று படம் செய்வதில்லை. பார்க்கிற ஆளுக்கு ஒன்று செய்யும். ஒரே வீடியோ, ஆனால் உங்களுக்கு ஒரு முகம், எனக்கு வேறு முகம். யாருக்கு எந்த முகத்தைத் தாண்டிப் போக முடியாதோ அந்த முகம்.

அதற்கு நிறைய முகங்கள் வேண்டியிருந்தன. என்னிடம் இருந்தன. இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு நான் பிளக்ஸ் கடையில் இருந்தேன். காதுகுத்து, சீர், புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று நான் வெட்டி எடுத்த முகங்கள் ஒரு டிஸ்க் நிறையக் கிடந்தன. அப்படியே தூக்கிக் கொடுத்தேன். அந்த முகங்களின் சொந்தக்காரர்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சோதனைக்கு ஆள் வேண்டும் என்றபோது ஆபீஸில் எல்லோரும் வீட்டுப் போன்களைச் சேர்த்துவிட்டோம். எங்கள் வீட்டுக்கு நூற்றுப் பதினைந்து அம்மா, நூற்றுப் பதினாறு நான், நூற்றுப் பதினேழு என் வீட்டுக்காரர். எந்த நம்பர் யார் என்று ஆபிதாவுக்குத் தெரியாது. பேர் தெரிந்தால் பாவம் பார்ப்போம் என்பாள்.

தை மாசம் ஒரு காலையில் அம்மா தோசைக் கரண்டியோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"சுகந்தி, உங்கண்ணன் போன்ல வந்தான்."

"பேசினானா?"

"பேசுல கண்ணு. படத்துல வந்தான். கொடுமுடிக் கோயில் வீடியோ. தொட்டு உள்ள போனா ஆளைக் காணோம். கூட்டத்துக்குள்ளதான் எங்கியோ நிக்கறான். நாலு வாட்டி பாத்துட்டேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். கோபுரம், கூட்டம், முன்னால் வாயைப் பிளந்துகொண்டு ஒரு ஆள். என் அண்ணன் தனபால்தான். கொஞ்சம் வயதாகியிருந்தான். அப்புறம்தான் அவனுடைய இடது காதைப் பார்த்தேன். மடலின் நுனி நறுக்கியதுபோல் இருந்தது. அண்ணனின் காதில் ஒரு குறையும் கிடையாது. அது என் கைக்குறை. எட்டு வருடத்துக்கு முன்னால் அழுதுகொண்டே அவன் முகத்தை வெட்டி எடுத்தபோது காதையும் சேர்த்து நறுக்கியிருந்தேன். அதை வெட்டியது 'காணவில்லை' போஸ்டருக்காக.

அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "காதுல என்னமோ காயம் பட்டிருக்குது பாரு. எங்க போயி எப்புடி அடிபட்டானோ, பாவி."

போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

அண்ணன் போனது ஓர் ஆடிப் பதினெட்டு அன்று. காலையில் பட்டறைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். பட்டறை என்றால் சாயப்பட்டறை. அவனும் லோகுவும் சேர்ந்து நடத்தினார்கள். கைலி நூலுக்கு நீலம் மட்டும் போடுவார்கள். லோகநாதன் அவனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதர். அந்த வருடம் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு இருந்தது. சாயத் தண்ணியை வாய்க்காலில் விடக் கூடாது, மூடிவிடலாம் என்று அண்ணன். கொஞ்ச நாள் பொறு என்று லோகு. வீட்டில் அப்பாவும் லோகு பக்கம்தான். அதனால் கோபித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான் என்று முடிவு செய்துகொண்டோம். அன்றைக்கு அவன் பட்டறைக்கு வரவேயில்லை என்று லோகுவும் சொன்னார்.

'தனபால், எங்கிருந்தாலும் உடனே வரவும். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். அம்மா சாப்பிடுவதில்லை.' போஸ்டரை நான் செய்தேன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு பவானி, திருப்பூர், பழனி என்று பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக ஒட்டியவர் லோகு. ஆடி முடிவதற்குள் சாயத் தொட்டியை மண் கொட்டி மூடி, மேலே சிமெண்டும் போட்டுவிட்டார். "தனபாலு இல்லாத பட்டறை எனக்கெதுக்குங்க" என்று அவர் அழுததைப் பார்த்து ஊரே அழுதது. இப்போது அந்த இடம் நூல் குடோன்.

அடுத்த வருடம் அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அப்பா இறந்தபோது மகன் இடத்தில் நின்றவரும் அவர்தான். இன்றைக்கும் யாராவது 'உங்க தனபால் மாதிரி ஒருத்தரைப் பழனியில பார்த்தேன்' என்று சொன்னால் போட்டது போட்டபடி வண்டி ஏறிவிடுவார். சொந்தக்காரர்கள் சிலர், ஆனது ஆகிவிட்டது, ஒரு கருமாதியாவது செய்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா அவர்களுக்குக் காப்பி கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். அந்த விஷயத்தில் அம்மாவின் பக்கம் நின்ற ஒரே ஆண்பிள்ளை லோகு. இந்த மாதிரி ஒரு மனுசன் யாருக்குக் கிடைப்பான் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

அன்றைக்கு ஆபீஸ் போனதும் ஆபிதாவிடம் சண்டைக்குத்தான் போனேன்.

"உன் தராசு எங்கம்மாவுக்கு எங்க அண்ணனைக் காட்டுது."

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "எத்தனாம் நம்பர்?" என்றாள். சொன்னேன்.

"முகம் உன் டிஸ்க்ல இருந்துதானே போச்சு" என்றாள்.

"சரி. எங்கம்மாவுக்குத்தான் அதைக் காட்டணும்னு அதுக்கு யார் சொன்னது?"

"அதுக்கு அம்மா, அண்ணன் எதுவும் தெரியாதுடி. சின்னதுல கண்ணைக் கட்டி விட்டு, ஒளிச்சு வெச்ச சாமானைத் தேடச் சொல்வாங்களே. கிட்டப் போனா மத்தவங்க வேகமாக் கைதட்டுவாங்க. அதேதான். ஒரு முகத்தைக் காட்டும். விரல் நகராம எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்க்கும். ஒண்ணரை செகண்டு நின்னா கைதட்டல். உடனே அதை லேசா மாத்தி இன்னொண்ணு காட்டும். கைதட்டல் கூடுதா, குறையுதா. அவ்வளவுதான். உங்கம்மா விரல் அவர்கிட்ட நின்னுருக்கு."

"டிஸ்க்ல இருந்தது முப்பத்தொரு வயசுப் படம். இப்ப மீசையில நரை இருக்கே?"

ஆபிதா திரையை என் பக்கம் திருப்பினாள். நூற்றுப் பதினைந்தாம் நம்பருக்குக் காட்டிய படங்கள் வரிசையாக நின்றன. முதல் படத்தில் அண்ணன் போஸ்டரில் இருந்தபடி இருந்தான். நாலைந்து படம் தள்ளிக் கிருதாவில் ஒரு நரை, பிறகு மீசையில். அப்புறம் கன்னம் ஒட்டியது. நெற்றி ஏறியது. கழுத்தெலும்பு தெரிந்தது. ஒழுங்காகச் சாப்பிடாத, வெயிலில் அலைகிற முப்பத்தொன்பது வயது ஆள்.

"உங்கம்மா மனசுக்குள்ள அவருக்கு வயசாகிக்கிட்டே இருந்துருக்கு சுகந்தி. தராசு அதைத் தேடிப் போய்ப் பிடிச்சுருக்கு" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

அம்மாவின் மனசுக்குள் இருந்த அண்ணனை அம்மாவேகூட முழுசாகப் பார்த்திருக்க மாட்டாள். நாங்கள் இரண்டு பேர் ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்தவர் பெட்டியைத் திறந்ததுபோல் கூசியது. கூசிய கையோடே, "நூத்திப் பதினாறையும் எடு" என்றேன். அது நான்.

என் வரிசையிலும் அவன் இருந்தான். தினம் நூறு படம் பார்க்கிறவள், தொழில் கண்ணோடு தாண்டிப் போகிறவள், கவனித்ததேயில்லை. என் விரல் கவனித்திருந்தது. என் அண்ணனுக்குக் கண்ணாடி வந்திருந்தது. நல்ல தொப்பை. எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவேளை பிள்ளைகுட்டியோடு, எங்களை மறந்து இருக்கிறான். நான் மூக்கைச் சிந்தி அழுதேன். ஆபிதா துப்பட்டா நுனியைக் கொடுத்தாள்.

"அழிச்சிரட்டுமா? அந்த ஒரு முகத்தை எடுத்துட்டாப் போதும்."

"வேண்டாம்."

"தப்புடி."

"தெரியும். கொஞ்ச நாள் இருக்கட்டும்."

என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம். அம்மா எட்டு வருடம் கழித்துக் காலையில் எழுந்ததும் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டாள். மகன் பார்க்கப் போவதில்லை, அவள்தான் மகனைப் பார்க்கப் போகிறாள். இருந்தாலும் வைத்துக்கொண்டாள். அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சே அதுதான். சாப்பிடும்போது அம்மா ஊர்ப் பட்டியல் சொல்வாள். "போன வாரம் சென்னிமல. செவ்வாக்கெழம திருச்செங்கோடு. நேத்து திருவண்ணாமல. கோயில் கோயிலாப் போறான். சாமியாராப் போயிட்டானோ என்னமோ." அம்மா பார்ப்பது கோயில் வீடியோதான், அதனால் அவன் கோயிலில்தான் இருப்பான். பருத்தி விதை வீடியோ பார்த்திருந்தால் விவசாயி ஆகியிருப்பான்.

ஒருநாள் லோகுவைக் கேட்டாள். "மாப்ளே, உங்க போன்ல வர்றானுங்களா?"

அவர் சோற்றில் ரசத்தை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். "எனக்கெங்கீங் அத்தே. கிரிக்கெட்டும் லாரி கவுந்ததும்தான் வருது." சிரித்தார். "நீங்க கவலப்படாதீங்க. வர்ற வாரம் திருவண்ணாமல போயி ஒரு நட பாத்துட்டு வந்தர்றனுங்."

போகவும் போனார். மூன்று நாள் கிரிவலப் பாதை முழுக்கச் சாமியார்களிடம் அண்ணன் படத்தைக் காட்டிவிட்டு, கால் வெடித்துப்போய்த் திரும்பினார். நான் அவர் பாதத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டேன். தராசைப் பற்றி அவரிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுவார், பொய் சொல்லத் தெரியாத மனுசன் என்று விட்டுவிட்டேன். அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. போனை எப்போதும் குப்புறப் போட்டு வைத்தார். அலைச்சல் என்று நினைத்தேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம் ஆபிதா இரண்டு டீயோடு என் மேஜைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உன் வேதவாக்கு பொய்யாப் போச்சு. நீலம் ஜெயிச்சிருக்கு."

"சும்மா இரு."

"நெசமா. முந்நூறு பேர்ல ஒரே ஒரு ஆளுக்கு மட்டும். சிவப்புக் காட்டினா ஓடுது விரல். மஞ்சள் காட்டினா ஓடுது. நீலத்துல நிக்குது. அதுவும் எப்படி நிக்குது தெரியுமா? பத்தொன்பது செகண்டு."

ஒன்றரை வினாடி நின்றாலே கேக் வெட்டுகிற ஆபீஸ் எங்களுடையது. நான் டீயைக் கீழே வைத்தேன். "அப்புறம் தொட்டு வீடியோ பார்க்கறாங்களா?"

"அதான் வேடிக்கை. தொடறதேயில்ல. நிக்கும், நிக்கும், அப்படியே போயிடும். படம் இன்னும் நான் பாக்கல, கணக்கைத்தான் பார்த்தேன். சேர்ந்து பாப்போம்னு வந்தேன்."

"எத்தனாம் நம்பர்?"

"நூத்திப் பதினேழு."

சொல்லிக்கொண்டே அவள் என் திரையில் வரிசையைத் திறந்துவிட்டாள்.

முதல் படம் அண்ணன். போஸ்டரில் இருந்தபடி, நறுக்கின காதோடு. தராசு எங்களுக்குச் செய்ததையே அங்கேயும் செய்து பார்த்திருந்தது. கிருதாவில் நரை வைத்தது, விரல் ஓடிவிட்டது. கன்னத்தை ஒட்ட வைத்தது, ஓடிவிட்டது. கண்ணாடி போட்டது, தொப்பை வைத்தது, மொட்டை போட்டது. எதிலும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தோற்று, திரும்பி முப்பத்தொரு வயதுக்கே வந்திருந்தது. நூற்றுப் பதினேழில் அண்ணனுக்கு வயதே ஆகவில்லை.

பிறகு தராசு வேறு பக்கம் தேடியிருந்தது. பின்னால் இருந்த வெளிச்சத்தைக் குறைத்தது, விரல் கொஞ்சம் நின்றது. தலைமுடியை நெற்றியில் ஒட்ட வைத்தது, இன்னும் கொஞ்சம். பிளந்த வாயை மூடியது. எந்தப் படத்திலும் ஜெயிக்காத மூடிய வாய் ஜெயித்தது. முடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. கண் பாதி மூடியது. முடியின் வேர்களில் முதலில் லேசாக, பிறகு காதோரம், பிறகு கழுத்து வரைக்கும் நீலம் இறங்கியது. மையைக் கரைத்து ஊற்றியதுபோல் இல்லை. ஊறியதுபோல் இருந்தது.

எனக்கு அந்த நீலம் தெரியும். அண்ணன் ராத்திரி சாப்பிட உட்காரும்போது நகக்கண்ணில் இருக்கிற நீலம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

"இது உங்க அண்ணன்தானே" என்றாள் ஆபிதா. சிரிப்பு போயிருந்தது. "நூத்திப் பதினஞ்சு அம்மா, பதினாறு நீ. அப்ப பதினேழு..."

நான் அவளைப் பார்த்தேன். முகம் படிப்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தொழில். அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சுகந்தி, இங்க பாரு. இது சாட்சியெல்லாம் ஆகாது. ஒருத்தன் எந்தப் படத்துல நின்னான்கிறது ஒண்ணுமே இல்ல. நேர்ல பாத்ததைப் படத்துல பாத்தாலும் விரல் நிக்கும், பயந்ததைப் பாத்தாலும் நிக்கும். தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சிநேகிதன் எங்கயாவது தண்ணியில விழுந்துருப்பானோன்னு எட்டு வருஷமா அந்த மனுசன் பயந்துக்கிட்டு இருக்கலாம்ல?"

"அம்மாவும்தான் பயந்தாங்க. ஆத்துல, கிணத்துல, ரயில்ல. நானும்தான். எங்க ரெண்டு பேருக்கும் ஏன் நீலம் வரல?"

அவள் கை மவுஸுக்குப் போனது. "அழிச்சிரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். அதே வார்த்தைதான். தையில் சொன்னபோது இருந்த சுகந்தி இப்போது இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் குடோன் வாசலில் வண்டியை நிறுத்தினேன். வெயில் இன்னும் இருந்தது. லோகு உள்ளே நூல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் செருப்பு வாசலில், சுவரோரம் ஒழுங்காகக் கிடந்தது. குடோனுக்குள் அவர் செருப்புப் போட மாட்டார், லாரிக்காரர்களையும் போட விட மாட்டார். நூல் அழுக்காகும் என்பார். எவ்வளவு சுத்தமான ஆள் என்று நான் அக்கம்பக்கத்தில் பெருமை அடித்திருக்கிறேன். தொட்டிமேல் போட்ட சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு அவர் நடந்து வருவதைப் பார்த்தேன்.

"என்ன புள்ளே, இந்நேரத்துக்கு?"

"சும்மாங்க. அம்மா வெத்தல வாங்கச் சொன்னாங்க." அம்மா வெற்றிலை போட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. அவர் சரி என்று தலையாட்டினார்.

கேட்டுவிடலாம். நாலு வார்த்தைதான். கேட்டால் எனக்குப் புருஷன் இருக்க மாட்டான். அதைக்கூடத் தாங்கிவிடுவேன் என்று தோன்றியது. ஆனால் கேட்ட நொடியில் அம்மாவுக்கு மகன் இருக்க மாட்டான். சென்னிமலை இல்லை, திருவண்ணாமலை இல்லை, நரைத்த மீசை இல்லை. பூ வைத்துக்கொள்கிற காலைகள் இல்லை. கேட்காமல் வண்டியை எடுத்தேன். என்னைப் போலக் கோழை யாரும் இல்லை என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு நான் செய்ததுதான் பைத்தியக்காரத்தனம். என் போனில் இருக்கிற அண்ணனையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. தராசு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவள்தானே. கண்ணாடி போட்ட அண்ணன் வந்தால் நின்றேன். தொப்பை அண்ணன் வந்தால் வேண்டுமென்றே தொட்டேன். நரையைத் தேடித் தேடித் தொட்டேன். ஈரத் தலை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு கணம் பார்க்க வேண்டியிருக்கிறதே. தராசுக்கு அந்த ஒரு கணம் போதும்.

முதல் நாள் கண்ணாடி போயிற்று. இரண்டாம் நாள் தொப்பை கரைந்தது. மூன்றாம் நாள் அண்ணன் முப்பத்தொரு வயதுப் பையனாகத் திரும்பி வந்து நின்றான். எட்டு வருடமாக எனக்குள் எங்கேயோ சாப்பிட்டு, பிள்ளை பெற்று, எங்களை மறந்து வாழ்ந்துகொண்டிருந்தவனை நானே என் கட்டைவிரலால் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். ஆபிதா சொன்ன சமாதானத்தை நான் எவ்வளவு நம்பப் பார்த்தாலும், என் விரல் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். லோகு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"மாப்ளே, என் போன் சார்ஜுல கெடக்குது. சுகந்தி போன்லயாச்சும் பாருங்க, இன்னிக்கி எந்த ஊர்ல இருக்கறான்னு."

என் போன் எனக்கும் அவருக்கும் நடுவில் தரையில் இருந்தது. நான் எடுத்திருக்கலாம். சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எடுக்கவில்லை, சொல்லவில்லை. அவர், பெற்ற மகன் மாதிரி, "இதோ பாக்கறனுங்" என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். ஒரு தடவை தள்ளினார். இரண்டு தடவை தள்ளினார். மூன்றாவது தடவை விரல் நின்றது.

கத்தியைப் பிடித்தபடி நான் எண்ணினேன். தொழில் பழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு. பன்னிரண்டு. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, நிறம் மட்டும் இறங்கியது. பத்தொன்பதையும் தாண்டிப் போனது. வெளியே தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு வந்து, கூவிக்கொண்டு போனாள்.

அவர் தலையை நிமிர்த்தாமல், அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"உனக்கும் நீலம் வந்துருச்சா, புள்ளே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் பாரம் இறக்கினவர்போல் மூச்சு விட்டார். அந்த மூச்சைப் பார்த்து எனக்கு வந்த பயம் வேறு எதிலும் வந்ததில்லை.

"எந்த ஊருங் மாப்ளே?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. தாளிக்கிற சத்தத்தில் கேட்கவில்லையோ என்று கரண்டியை நிறுத்திவிட்டு மறுபடியும் கேட்டாள். "எந்த ஊர்ல இருக்கறான்?"

லோகு போனைக் குப்புற வைத்தார். எழுந்து சமையலறை வாசல்வரை போய் நின்றார்.

"உள்ளூர்தானுங் அத்தே" என்றார்.